நீதிபதி தேவை

"நீதிபதி தேவை. சாந்த சுபாவம், நல்ல குடும்பம். ஜாதி மதம் தடையில்லை. நம்மவர் என்றால் விசேஷம். நம் வீட்டுப் பையன் கூண்டில் நின்றால் பெற்ற தாயாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பையன் நின்றால் எருமை மேல் ஏறி வர வேண்டும். வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்."

பொங்கல் மலரில், 'மணமகள் தேவை'க்குப் பக்கத்தில் இப்படி ஒரு கால் பக்கம் போட்டுவிட்டால் எங்கள் மான்மவுத் ஜங்ஷனின் நெடுநாள் குறை தீர்ந்துவிடும்.

ஜங்ஷன் என்பது பெயருக்குத்தான். ரயில்கள் வீட்டு ஜன்னல் அதிர ஓடும், ஒன்றும் நிற்காது. ஏற வேண்டுமானால் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குக் காரை எடுக்க வேண்டும். ரயில் நிற்காவிட்டால் என்ன, சனிக்கிழமை ராத்திரி தோறும் இங்கே செஷன்ஸ் கோர்ட் கூடுகிறது. செருப்பை கராஜில் விட்டுவிட்டு உள்ளே போனால் சோபாவில் ஆறு நீதிபதிகள், தரையில் நாலு பேர். கையில் பேப்பர் பிளேட், பிளேட்டில் பிசிபேளாபாத், அதன் மேல் நொறுங்கிய அப்பளம். வாய்தா கிடையாது, சாட்சி கிடையாது. பாயசம் வருவதற்குள் தீர்ப்பு.

இந்தக் கோர்ட்டில் அதிகம் திட்டு வாங்கிய நிஜ நீதிபதி கிளென் பெர்மன். 2012-ல் மிடில்செக்ஸ் கவுன்டியின் மாநில விசாரணை நீதிபதியாக இருந்தவர். அவருடைய கோர்ட் இருந்தது நியூ பிரன்ஸ்விக்கில், இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். நியூ ஜெர்சியில் இந்த நாற்காலிக்குத் தேர்தல் இல்லை. ஆளுநர் பெயர் சொல்ல, செனட் தலையாட்ட, முதலில் 7 வருஷம். மறுபடி நியமித்தால் 70 வயது வரை. டெக்சஸில் போல் கட்சிச் சின்னத்தோடு ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. அதனாலேயே எங்களுக்கு அவர் மேல் கோபம். நன்கொடை கொடுத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து நம் வழிக்குக் கொண்டுவர முடியாத ஆள்.

வழக்கு தெரிந்ததுதான். 2010 செப்டம்பர், ரட்கர்ஸ் பல்கலைக்கழக விடுதி. ஓர் அறையில் இரண்டு பையன்கள், இருவருக்கும் 18 வயது. ஒருவன் பக்கத்து பிளெயின்ஸ்பரோவில் வளர்ந்த நம்மூர்ப் பையன். அறைத்தோழன் இன்னோர் ஆணோடு தனியாக இருந்ததை வெப்கேமில் பார்த்தான், ட்விட்டரில் எழுதினான், இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்க ஊரைக் கூப்பிட்டான். அறைத்தோழன் செப்டம்பர் 22-ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தச் சாவுக்காக நம் பையன் மேல் வழக்கு இல்லை. அந்தரங்கத்தில் நுழைந்தது, வெறுப்பால் மிரட்டியது, சாட்சியைக் கலைக்கப் பார்த்தது, இவைதான் முக்கியக் குற்றச்சாட்டுகள். சிறையே வேண்டாம், 600 மணி நேரம் சமூக சேவை செய் என்று அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்தபோது வேண்டாம் என்றான்.

2012 மார்ச் 16. குற்றவாளி என்றது ஜூரி. பத்து வருஷம் வரை உள்ளே போகலாம். மே மாதம் டிரென்டனில் மாநில அவைக்கு முன்னால் நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் கூடினார்கள். அதில் தப்பே இல்லை. பத்து வருஷம் அநியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே போகாத என்னைவிட, லீவு போட்டுவிட்டுப் போனவர்கள் மேல்.

மே 21 அன்று பெர்மன் தண்டனை சொன்னார். 24 கேள்விகள், 12 ஜூரர்கள். 'குற்றவாளி' என்ற சொல்லை 288 தடவை கேட்டேன், நீ மன்னிப்புக் கேட்டு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று பையன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொடுத்தது 30 நாள் கவுன்டி ஜெயில், 3 வருஷக் கண்காணிப்பு, 300 மணி நேரச் சேவை, பத்தாயிரம் டாலருக்கு மேல் அபராதம். நாடு கடத்த வேண்டாம் என்று தானே பரிந்துரைப்பதாகவும் சொன்னார். தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. பையன் 20 நாளில் வெளியே வந்தான். வெறுப்புக் குற்றச் சட்டத்தின் ஒரு பகுதி செல்லாது என்று 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்ல, 2016-ல் இந்தத் தீர்ப்பும் ரத்தானது. கடைசியில் ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டான், வழக்கு முடிந்தது.

நம் சோபா பெஞ்சு என்ன சொன்னது? "முப்பது நாளா? வெள்ளைக்காரப் பையனா இருந்தா விட்டிருப்பான்." "சின்னப் பையன் சார், விளையாட்டுக்குப் பண்ணினது." "கிரீன் கார்டு போயிருந்தா அந்தக் குடும்பம் என்ன ஆகும்?" கிரீன் கார்டுக்காகப் பதறிய அந்த அறையில் இன்னொரு குடும்பத்தில் ஒரு கட்டில் காலியானதைப் பற்றிப் பேச்சில்லை.

சரி, சின்னப் பையன் என்றால் மனம் இளகும் ஜனம் என்று எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 6. ஐதராபாத் அருகே, பாலியல் வல்லுறவு, கொலை வழக்கில் பிடிபட்ட நாலு பேரை விடியற்காலையில் போலீஸ் சுட்டுக் கொன்றது. விசாரணை இல்லை, நீதிபதி இல்லை, 288 வேண்டாம், ஒரு தடவைகூட யாரும் 'குற்றவாளி' என்று சொல்லவில்லை. அதே சோபா, அதே பிளேட், அன்று மைசூர்பாகு. "இதாண்டா தீர்ப்பு" என்றார் ஓர் அண்ணன்; டிரென்டனுக்கு லீவு போட்டுப் போனவர்தான். மோதல் கதை ஜோடிக்கப்பட்டது, செத்தவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது மைனர்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் சொன்னது. பதினெட்டு முடிந்த பிளெயின்ஸ்பரோக்காரன் சின்னப் பையன். பதினெட்டு ஆகாத லாரி கிளீனர் ராட்சசன். நம் தராசில் வயசைக் கிலோவில் அல்ல, அப்பன் சம்பளத்தில் நிறுக்கிறார்கள். மைசூர்பாகில் நெய் கொஞ்சம் தூக்கல்.

பெங்களூரில் ஜான் மைக்கேல் குன்ஹா என்று ஒரு விசாரணை நீதிபதி. பதினெட்டு வருஷம் இழுத்த சொத்துக் குவிப்பு வழக்கை 2014 செப்டம்பர் 27-ஆம் தேதி முடித்து, பதவியில் இருந்த தமிழக முதலமைச்சருக்கு 4 வருஷமும் 100 கோடி அபராதமும் கொடுத்தார். 1,136 பக்கம். ஒரு பக்கம் புரட்டாமலே சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அமைச்சர்கள் அழுதுகொண்டே பதவி ஏற்றார்கள். இங்கே சோபாவில், "காவிரி தராதவன் நியாயம் தருவானா?" அடுத்த மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கடன் தொகைகளைக் கூட்டினால் 10.67 கோடி வரும் இடத்தில் தீர்ப்பில் 24.17 கோடி இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பும் எங்கள் ஊரில், பதின்மூன்றரைக் கோடி கூட்டல் பிழைக்குக் கேசரி கிண்டினார்கள். 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் குன்ஹா சொன்னதே சரி என்றது. அதற்குள் முதல் குற்றவாளியான அந்த முதலமைச்சர் இறந்து இரண்டு மாதம். குன்ஹாவைத் திட்டிய வாய்கள் வாட்ஸ்அப்பில் வேறு பேச்சுக்குப் போய்விட்டன.

பே ஏரியாவில் இருக்கும் என் மச்சினி ஆரன் பெர்ஸ்கி என்ற நீதிபதியைப் பதவியிறக்க வீடு வீடாகக் கதவு தட்டினாள். ஸ்டான்ஃபோர்டு பையனுக்குப் பாலியல் குற்றத்தில் ஆறே மாதம் கொடுத்தவர். 2018 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டே இறக்கினார்கள். "ஆறு மாசம் ஒரு தண்டனையா?" என்று கேட்டாள். பெர்மனின் 30 நாள் அவளுக்குக் கொடுமை.

இந்த நீதிபதிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, இன்னொருவரை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021. ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. இது எனக்கே புரியவில்லை, எனக்கும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று உத்தரவிலேயே எழுதிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் போய் மாணவன் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இருந்த அந்தச் சந்தேகம், பெருங்காய வாசனை அடிக்கும் எங்கள் பெஞ்சில் ஒருவருக்கும் வந்ததில்லை.

போன மாதக் கோர்ட்டில் ஜூரி சம்மன் பற்றிப் பேச்சு. தபாலில் வந்தால் எப்படித் தப்பிப்பது? "இங்கிலீஷ் சரியா புரியாதுன்னு போடுங்க" என்றார் ஒருவர். இருபது வருஷமாக அமெரிக்கர்களுக்கு மென்பொருள் வடிவமைப்பவர். "நான் யாரையும் நம்ப மாட்டேன்னு சொல்லுங்க, அவங்களே அனுப்பிடுவாங்க" என்றார் இன்னொருவர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொல்லித்தான் தாள் வருகிறது. என் தாளும் இரண்டு தடவை தள்ளிப்போடப்பட்டு, ஃபிரிட்ஜில் திருப்பதி பெருமாள் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. வேலை அதிகம் என்று காரணம் எழுதினேன். அந்த வாரம் நான் வெட்டி முறித்தது என்ன என்று கேட்காதீர்கள்.

அன்றைக்குப் பேச்சு மறுபடி பெர்மனிடம் வந்து நின்றது. வீட்டுக்காரரின் மகன் மாடியிலிருந்து தண்ணீர் எடுக்க இறங்கினான். பதினேழு வயது, இந்த இலையுதிர் காலத்தில் ரட்கர்ஸ் போகிறான்.

"அந்தப் பையன் பேர் என்ன, அங்கிள்?"

நாலு பேர் ஒரே குரலில் பிளெயின்ஸ்பரோப் பையன் பெயரைச் சொன்னார்கள்.

"அவன் இல்ல. செத்துப்போனவன்."

டைலர் கிளெமென்டி. வயலின் வாசிப்பான். எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. "பாயசம் ஆறுது, வாங்க வாங்க" என்றார் வீட்டுக்காரம்மா.