நீரோ மேல் தப்பில்லை

கி.பி. 64இல் ரோம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிடில் என்ற வாத்தியம் பிறக்கவே அப்போது இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இருந்தது. போதாக்குறைக்கு, தீப்பிடித்த சமயம் ஆள் ஊரிலேயே இல்லை, கடலோரம் ஆன்டியத்தில் இருந்தான் என்று ரோமானிய சரித்திரக்காரர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். செம்பூர் கச்சேரி ஒன்றையும் தவறவிடாத என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ மிருதங்கமா வாசிச்சான்?" என்றார்.

2007இல் நாங்கள் இன்னொரு நீரோ மேல் பழி போட்டோம். இது ஜெர்மன்காரர்கள் செய்த சிடி எரிக்கும் மென்பொருள். முழுப்பெயர் நீரோ பர்னிங் ரோம். சிடி-ரோமும் ரோம், அவர்கள் பாஷையில் ஊரும் ரோம்; தமிழில் எழுதினாலும் சிலேடை ஒரு எழுத்து பிசகாமல் வந்து உட்காருகிறது. அதன் சின்னத்தில் கொலோசியம் பற்றி எரியும். கொலோசியம் கட்டத் தொடங்கியதே நீரோ செத்த பிறகுதான். நல்ல சிலேடை கிடைத்தால் சரித்திரத்தை யார் பார்க்கிறார்கள்?

அப்போது மும்பை மாட்டுங்காவில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். லாமிங்டன் ரோட்டுப் பக்கம் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். அதிலிருந்த விண்டோஸ் யார் பெற்ற பிள்ளை என்பது விற்றவருக்கும் தெரியாது. லினக்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த ஏப்ரலில்தான் உபுண்டு என்ற லினக்ஸின் 7.04 வந்திருந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு மிருகத்தின் பேர் வைப்பது அவர்கள் வழக்கம். இதற்குத் துடுக்கு மான்குட்டி. அந்த நாளில் கேட்டால் இலவசமாகவே தபாலில் சிடி அனுப்புவார்கள், வந்து சேர வாரக்கணக்காகும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? கிட்டத்தட்ட 700 எம்பி கோப்பை, பெரியப்பாவின் மேஜைக் கணினியில், 256 கேபிபிஎஸ் இணைப்பில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து இறக்கினேன். விடிந்ததும் நீரோவைக் கூப்பிட்டு எரித்தாயிற்று.

சிடியைப் போட்டேன். உள்ளே கிர்ரென்று ஒரு சுற்று. திரை கறுத்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு கண்சிமிட்டியது. பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்து உட்கார்ந்தது.

கணினி விழித்ததும் முதலில் எங்கே போய் நிற்பது என்பதுதான் பயாஸின் பூட் வரிசை; அதை மாற்றச் சொன்னார்கள். இது மாட்டுங்காக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. சென்ட்ரலில் மாட்டுங்கா, வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள் என்று எங்களுக்கு மூன்று ஸ்டேஷன். தெரியாமல் சென்ட்ரல் ஃபாஸ்ட் லோக்கலில் ஏறியவன் தாதரில் இறங்கவில்லை என்றால் குர்லாவில்தான் இறங்குவான். எஃப்2வை விடாமல் தட்டி உள்ளே நுழைந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கீழே தள்ளி சிடியை மேலே ஏற்றினேன். மறுபடியும் கிர். மறுபடியும் அதே கோடு.

அடுத்த ஆறு நாள் வீடே வைத்தியசாலை. ஒருவர் எரிக்கும் வேகத்தை 4 எக்ஸுக்குக் குறைக்கச் சொன்னார். ஒருவர் சிடி கம்பெனியை மாற்றச் சொன்னார். எதிர் வீட்டு மாமா வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தார். பெரியம்மா ராகு காலம் பார்த்தாள். இறக்கிய கோப்பே கெட்டிருக்குமோ என்று எம்டி5 கையெழுத்தையும் ஒப்பிட்டோம். அது 32 எழுத்து. பெரியப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு சகஸ்ரநாமம் மாதிரி வாசிக்க, நான் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

"கோப்பு உத்தமம். அந்த நீரோ பயதான் எங்கேயோ சொதப்பறான்" என்று தீர்ப்பாயிற்று. ஆறு சிடி காலி. பால்கனிப் புறாக்களை விரட்டப் பெரியம்மா அவற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். ஒன்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு தாராவிக்கு நடந்தேன்.

தொண்ணூறடி ரோட்டில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி ரிப்பேர் கடை வைத்திருந்தார். லேப்டாப்பைத் தொடவே இல்லை. சிடியை மட்டும் தன் மெஷினில் போட்டுத் திறந்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தியளா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒரே ஒரு ஃபைலுதான் கெடக்கு. அரிசி மூட்டையப் பிரிக்காம அப்படியே ஒலையில எறக்கிட்டு, சோறு பொங்கலங்கியளே."

நான் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு சிடியின் முழு அச்சு. அதை விரித்து எழுத வேண்டும். நான் ஆறு தடவையும் 'டேட்டா டிஸ்க்' என்று சொல்லி, கல்யாண ஆல்பம் ஏற்றுகிற மாதிரி கோப்பாகவே ஏற்றியிருந்தேன். பயாஸ் சிடியைக் கண்டதும் பூஜ்யத்திலிருந்து எண்ணி 17வது செக்டாரைத் தடவிப் பார்க்கும். அங்கே 'எல் டோரிட்டோ' என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு பேசும், இல்லாவிட்டால் அடுத்த வாசலுக்குப் போய்விடும். 1995இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து வகுத்த விதி இது. ஸ்பானிஷில் எல் டோரிட்டோ என்றால் காளைக்கன்று என்று அர்த்தம். வைத்ததோ கலிபோர்னியாவில் ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக் கடையின் பெயரை என்று ஒரு கதை உண்டு. அந்த எஞ்சினியர்கள் மாட்டுங்கா பக்கம் வந்து சாப்பிட்டிருந்தால், உலகத்து பயாஸ்களெல்லாம் 17வது செக்டாரில் ரசவடையைத் தேடிக்கொண்டிருக்கும். எங்கள் சிடியிலும் காளைக்கன்று இருக்கத்தான் செய்தது, மூட்டைக்குள்ளே.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நீரோவின் மெனுவில் 'இமேஜை எரி' என்று தனி வரியே இருக்கிறது. இந்த நீரோவும் தீப்பிடித்த இடத்தில் இல்லை.

ஏழாவது சிடியில் மான்குட்டி துள்ளி வந்தது. கேழ்வரகுக் கூழ் நிறத்தில் திரை விரிந்தது. வைஃபை வேலை செய்யவில்லை, அதற்கு இன்னொரு மாசம் அழுதேன். ஆனால் நிறுவி முடித்து மறுபடி துவக்கியதும், பெயரைக் கேட்கும் பெட்டி வந்தது. கூடவே ஸ்பீக்கரிலிருந்து டும் டுடும் என்று ஒரு கொட்டு.

காப்பியோடு வந்த பெரியப்பா அப்படியே நின்றார்.

"அன்னிக்கே சொன்னேனே, மிருதங்கம்தான்னு."