அண்ணாச்சியின் எலுமிச்சம்பழம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை வந்தால், ஆராதனையைவிட அதற்குப் பிறகு நடக்கும் ஏலத்துக்குத்தான் மவுசு. ஒரே ஒரு எலுமிச்சம்பழம். "அண்ணாச்சி ஐந்நூறு! ஐந்நூறு ஒருதரம்..." என்று மைக் கூவும். எதிர்வரிசைச் சம்பந்தி அறுநூறு என்பார். அண்ணாச்சி விடுவாரா? ஆயிரத்துக்கு எடுத்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். கர்த்தருக்குக் கொடுத்ததில் கணக்குப் பார்க்கலாமா?

மறுநாள் காலை வாசலில் கீரைக்காரம்மா. "கட்டு இருபதா? பதினைந்துக்குத் தா, இல்லாவிட்டால் நடையைக் கட்டு!" கடையில் வேலைபார்க்கும் பையன் சம்பளம் கேட்டால், "ஜெபம் பண்ணு தம்பி, கர்த்தர் வழி திறப்பார்." திறக்க வேண்டிய கல்லாப்பெட்டியின் சாவி என்னவோ அண்ணாச்சியின் இடுப்பில்தான் இருக்கிறது.

பிறனை நேசிக்கச் சொல்லும் கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் 18ஆம் வசனம். நம்மவர்களுக்கு அது மனப்பாடம். கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பது அதே அதிகாரத்தின் 13ஆம் வசனம். தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும் என்பது 36ஆம் வசனம். அன்பை நடுவில் வைத்து, ஒருபக்கம் சம்பளமும் மறுபக்கம் எடைக்கல்லுமாகக் காவல் போட்டிருக்கிறது வேதம். நாம் காவலைத் தாண்டிக் குதித்து அன்பை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம்.

காணிக்கைக் கவரை ஒட்டுமுன் சம்பளக் கவரைக் கொடுத்துவிடுங்கள். மைக்கில் பெயர் வாசிக்க மாட்டார்கள். அந்த ஒரு குறைதான்.