சைக்கிளும் வாத்தியம்தான்

கேள்வி: பாட்டுக்கு ஆடுவார்கள். ஆட்டமே பாட்டை உண்டாக்குமா?

பதில்: உண்டாக்கியிருக்கிறது! 1965 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் அரங்கேற்றிய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' அப்படிப்பட்டது. மேடையில் பொறியாளர் ராபர்ட் மூக் செய்துகொடுத்த ஆன்டெனா கம்பங்கள், கூடவே ஒளியை உணரும் போட்டோசெல்கள். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் ஆட்டக்காரர்கள் கம்பத்தை நெருங்கினாலோ, ஒளியை மறித்தாலோ, டேப் ரெக்கார்டர்களிலும் சிற்றலை வானொலிகளிலும் காத்திருந்த ஒலிகளுக்குக் கதவு திறக்கும். அதில் எது, எவ்வளவு நம் காதுக்கு வரும் என்பது மிக்ஸர் முன் இருந்த இசைக்கலைஞர்கள் கையில். திரையில் ஸ்டான் வான்டர்பீக்கின் படங்கள், நாம் ஜூன் பைக்கின் தொலைக்காட்சி உருவங்கள். சலங்கை கட்டாமலே கால்கள் பேசின! இந்த நிகழ்ச்சியை 1966-இல் ஹாம்பர்க்கில் எடுத்த படம் இருக்கிறது, அவசியம் பாருங்கள். அதில் கன்னிங்ஹாம் கம்பங்களுக்கிடையே சைக்கிள் ஓட்டுவார்.