படத்திருத்தக் கணினியின் உறுப்பியல்: ரிச்சி தெருச் சான்றுகளுடன்

1. வரையறையும் வகையும்

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டு மேசையில் வைத்துப் பூட்டி, எடுத்த படங்களின் குறைகளை நீக்கப் பயன்படுத்தும் கருவி படத்திருத்தக் கணினி எனப்படும். பூட்டிய கணினியே கடையில் கிடைக்க, இதைக் கட்டுவது எதற்கு என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு. பணம் மிச்சமாகும் என்பது வெளியில் சொல்லும் விடை. பூட்டிப் பார்க்கும் ஆசை என்பது சொல்லாத விடை. முதல் விடையை வீட்டார் நம்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கேபினெட்டுக்குள் அடங்குவன அகவுறுப்பு. வெளியே நிற்பன புறவுறுப்பு. பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகிய ஆறும் அகம். மானிட்டர், யுபிஎஸ், கீபோர்டு, மவுஸ் ஆகியவை புறம். கேபினெட் எதில் சேரும் என்பது தீராத வழக்கு; பக்கவாட்டுக் கண்ணாடி வந்தபின் அகமே புறமாகிவிட்டது.

2. அகவுறுப்பு

தேவையை அளக்கும் அலகாகத் திருமண ஆல்பத்தின் ஒரு விரிதாளைக் கொள்ளலாம். 12 × 36 அங்குலத் தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏறத்தாழ 3.9 கோடி பிக்சல் கொண்டது. பிக்சலுக்கு 3 பைட் என்றால் தாளை நிறைக்கும் ஒரு லேயருக்கே சுமார் 117 எம்பி வேண்டும். 16 பிட்டில் அது இரட்டிக்கும். பின்னணியில் மேகம், ஓரத்தில் ரோஜா, நடுவில் இதயம், அதற்குள் மணமக்கள், மூலையில் மறுபடியும் மணமக்கள் என்று லேயர் பத்தைத் தொட்டால் ஒரு ஜிபி தாண்டிவிடும். ஆகவே ராம் 16 ஜிபி இருந்தால் வேலை நடக்கும். 32 ஜிபி இருந்தால் நிம்மதியாக நடக்கும். அதையும் ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகளாக வாங்கினால் தரவு இரு தடத்தில் ஓடும்.

பிராசஸரில் கோர் எண்ணிக்கையே பெரிது என்பார் ஒரு சாரார். ஒற்றைக் கோரின் வேகமே பெரிது என்பார் மறுசாரார். லைட்ரூமில் ஆயிரம் ரா கோப்புகளை ஒரே மூச்சில் ஜேபெக் ஆக்குபவருக்கு முதற்கொள்கை பொருந்தும். ஃபோட்டோஷாப்பில் ஒரு கன்னத்துப் பருவை நீக்குபவருக்கு இரண்டாவது பொருந்தும். இரண்டையும் செய்பவர் நடுத்தர விலையில் வாங்கிச் சண்டையிலிருந்து விலகுவர்.

மதர்போர்டு பிராசஸரின் சாக்கெட்டுக்கு இசைய வேண்டும். ஏஎம்5 போர்டில் டிடிஆர்4 ராம் ஏறாது. கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாத பகுதி இது என்பதால் யூடியூப் உரையாசிரியர்கள் இதை விரைந்து கடப்பர்.

ஹார்டு டிஸ்க் நொடிக்கு 200 எம்பி அளவில் திணறும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பியைத் தொடும். நான்காம் தலைமுறை என்விஎம்இ 7,000 எம்பி வரை போகும். நடக்கிற வேலை என்விஎம்இயிலும், முடிந்த திருமணங்கள் ஹார்டு டிஸ்க்கிலும், அவற்றின் பிரதி வேறொரு டிஸ்க்கிலும் இருப்பது முறை.

கிராபிக்ஸ் கார்டு, செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும்போது பெரிதும் உழைக்கும். மற்ற நேரங்களில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. மகன் பரிந்துரைக்கும் கார்டுக்கும் படத்திருத்தத்துக்கும் உள்ள தொடர்பு இதுவரை நிறுவப்படவில்லை.

எஸ்எம்பிஎஸ் மீதுள்ள ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரையைத் தரச்சான்றாகக் கொள்வது நகைக்கடை வழக்கு. மின்சாரம் எவ்வளவு குறைவாக விரயமாகிறது என்பதை மட்டுமே அது சொல்லும்.

3. புறவுறுப்பு

திருத்துபவர் படத்தைக் காண்பது மானிட்டரில் மட்டுமே. எனினும் சென்னை ரிச்சி தெருவில் எழுதப்படும் கொட்டேஷன், பிராசஸரில் தொடங்கி, “இதுதான் சார் மூவிங்” என்ற மேற்கோளுடன் கிராபிக்ஸ் கார்டில் உச்சம் பெற்று, மானிட்டரை அடிவரியில் சேர்க்கும். எல்லாம் வாங்கியபின் மீந்த தொகையே மானிட்டரின் விலை என்பது இதனால் பெறப்படும். இது மிச்சப்பண விதி எனப்படும்.

இவ்விதியின் விளைவு அச்சில் தெரியும். நீலம் தூக்கலான மலிவுத் திரையில் சரிக்கட்டிய முகம் தாளில் மஞ்சளாக வரும். நலங்குப் படமென்றால் தப்பித்துக்கொள்ளலாம். வரவேற்புப் படத்துக்கு அச்சலுகை இல்லை. ஐபிஎஸ் பேனலும், 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையை முழுதும் காட்டும் திறனும் குறைந்தபட்சத் தேவை. வண்ணத்தை அளந்து சரிசெய்யும் கருவி அதற்கடுத்தது. 1920 × 1080 திரை, 24 மெகாபிக்சல் படத்தின் பிக்சல்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கையே ஒரு நேரத்தில் காட்டும். 4கே திரை மூன்றில் ஒரு பங்கைக் காட்டும்.

யுபிஎஸ்ஸின் அருமையை விளக்கத் தேவையில்லை. சேமிக்காத கோப்பும் ஒரு மின்வெட்டும் போதும்.

4. ஒழிபியல்

மேற்கூறியவற்றால் வாங்கும் வரிசை தலைகீழாகிறது: மானிட்டர் முதலாவது, பின் ராம், எஸ்எஸ்டி, பிராசஸர், அதற்கிசைந்த மதர்போர்டு, நம்பகமான எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், தேவைக்கேற்ற கிராபிக்ஸ் கார்டு, காற்றோட்டமுள்ள கேபினெட் கடைசி. மிச்சப்பண விதி வண்ண விளக்கு எரியும் மின்விசிறிகளுக்கு மட்டும் செல்லும். இவ்வரிசைப்படி வாங்கினால் பணம் மிஞ்சாது. ஆகவே அவ்விளக்குகளுக்குத் தனி இயல் வேண்டியதில்லை.