எண்ணெயும் தர்றோம், காசும் தர்றோம்

கண்ணு, அந்தச் செல்போனைத் திண்ணைல வெச்சுப்போட்டு இங்க வா. குரூடாயில்ல ஏவாரம் பண்றயாமா? நல்லது. வாங்குன எண்ணெயை எங்க ஊத்தி வெப்ப?

சிரிக்காத சாமி. இந்தக் கேள்வியக் கேக்காமத்தான் 2020ல கோட்டு போட்டவனெல்லாம் முழிச்சான்.

கொரோனாக் காலம். காரு ஓடல, பிளேனு பறக்கல. பூமில எண்ணெய் மட்டும் வந்துக்கிட்டே கெடந்துச்சு. அமெரிக்காவுல ஓக்லஹோமாப் பக்கம் குஷிங்னு ஒரு ஊரு. சரக்கை அங்க வந்துதான் எடுத்துக்கோணும்னு காண்ட்ராக்ட் காயிதத்துலயே எழுதியிருக்குது. எவன் படிச்சான்? ஏப்ரல் 20ந்தேதி, மே மாசக் காண்ட்ராக்ட் முடிய ஒரே நாள். 'அய்யோ, நெசமாவே எண்ணெய் வந்துருமாட்ட இருக்குதே'ன்னு அப்பத்தான் பதறுறான். டேங்கையெல்லாம் மத்தவன் முன்னயே பேசி வெச்சுட்டான். அன்னைக்கு முடிஞ்ச வெலை, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரு. அதாவது 159 லிட்டரையும் எடுத்துக்கோ, எடுத்துட்டுப் போறதுக்குக் காசும் வாங்கிக்கோ. நம்மூர்ல சாணியக்கூட எவனும் அப்படிக் குடுத்ததில்ல. ஒரு வண்டி சாணி என்ன வெலைன்னு தெரியுமா உனக்கு?

பம்பாய்க் கூத்து இன்னும் ஒசத்தி. அதே நாள், ஊரடங்குன்னு சாயங்காலம் 5 மணிக்கே சந்தைய மூடிட்டாங்க. அப்ப பீப்பாய் 965 ரூவா. சல்லிசுன்னு வாங்கிப்போட்டவன் நிம்மதியாத் தூங்கப் போயிட்டான். அமெரிக்காக்காரன் வெலையப் பாத்துத்தான் இங்க கணக்குத் தீக்கறது. தீத்தாங்க, மைனஸ் 2,884 ரூவா. ஒரு லாட்டுக்கு 100 பீப்பாய். போடு கணக்கை! 3,84,900 ரூவா போச்சு. ஒரு சொட்டு எண்ணெயைக் கண்ணுல பாக்கல. ஹெட்ஜிங்கு, ரோலோவருன்னு வாய் நெறைய வெச்சிருந்தான். ஒரு டின்னு வெச்சிருந்தானா?

கெழவன் மட்டும் யோக்கியனான்னு கேக்கறயா? அது கேள்வி. 2010ல ஈரோட்டுல விரலி மஞ்சள் குவிண்டால் 15,000த்தைத் தாண்டுச்சு. 20,000 வரட்டும்னு நான் இருப்பு வெச்சேன். ரெண்டே வருசத்துல 5,000க்கும் கீழ போயிருச்சு. ஆனா மூட்டை என்ற குடோன்லதான கெடந்துச்சு? உங்கப்பத்தா அதுல கை நெறைய அள்ளிக் கொழம்புக்குப் போட்டா, மூஞ்சிக்கும் பூசுனா. 'இத்தன வெலை மஞ்சளை எந்த ராணி பூசியிருப்பா?'ன்னு இன்னைக்கும் சோத்தைப் போட்டுக்கிட்டே கேப்பா.