பாறை மேல் பங்குச்சந்தை

மாரமங்கலத்தில் எங்கள் மாமாவின் காபித் தோட்டத்தில் ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறினால்தான் செல்போனில் இரண்டு கோடு சிக்னல். அங்கே நின்றுதான் அமெரிக்கப் பங்குச்சந்தையை ஆராய்கிறார். அராபிகா காபிக்கு விலை வைப்பதும் நியூயார்க்தானே. ஒரே ஊர்க்காரனிடம் இரண்டு தடவை ஏமாறலாம்.

இந்த வாரம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-இல் சென்னையில் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் ஏறிய கம்பெனி. 36 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே 47-ஐத் தாண்டியது. அப்புறம் இறங்கிய கதையை மாமா பேசமாட்டார்.

"போட்டிக்கு யாருங்க மாமா?"

"சோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ் எல்லாம் பழைய பங்காளிங்க, சமாளிச்சிடலாம். இந்த ஏஐ-தான் மாப்ளே..."

வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்லும் ஊழியர்களுக்கு மென்பொருள் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி வளர்ந்த தொழில். எந்திரமே பதில் சொன்னால் தலை குறையும்; தலை குறைந்தால் வசூல்? ஃப்ரெடி என்று தானே ஒரு ஏஐ வைத்திருக்கிறது கம்பெனி. நம் நெல்லைக் கொறிக்க நாமே எலி வளர்ப்பதுதான். வளர்க்காவிட்டால் பக்கத்து வீட்டு எலி வரும்.

மாமா இறங்கி வந்து ஒரு காபிச் செடியின் தண்டை விரலால் தடவினார். மேடு தட்டியிருந்தது. தண்டுத் துளைப்பான், இலை இன்னும் பச்சை, உள்ளே சுரங்கம்.

"பிடுங்கி எரிச்சிடணும்" என்றார், யோசிக்கவே இல்லை.

"அந்தப் பங்குங்க?"

"அது... இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போமே" என்று மறுபடி பாறையில் ஏறினார்.