கம்பி எண்ணுற படிப்பு

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. கட்டட காண்ட்ராக்டர் ஆகப் போறேன்னு சொன்னியாமே? உங்கம்மைக்கு அதுலேருந்து சோறு இறங்கலை. உங்கப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு ஒத்தக்கால்ல நிக்காவ. மாப்பிள்ளை பேச்சுக்கு நான் குறுக்க விழமாட்டேன். ஏசி ரூம்ல உக்காந்து தொப்பை வளக்கிறதும் ஒரு பொழப்புதான்.

வெள்ளைச் சட்டையும் புல்லட்டும்தான் ஆசைன்னா அதுக்கு எதுக்குலே டிகிரி? நம்ம ஊருல பாதிப்பேரு ஜவுளிக்கடை வழியாத்தான் காண்ட்ராக்டர் ஆனவனுவ.

பி.ஆர்க் இருக்கு. நாட்டா பரீட்சை எழுதி, 5 வருசம் படிச்சு, அழகாப் படம் போடுவே. பெறவு அதைக் கட்ட ஒரு காண்ட்ராக்டரைத் தேடி அலைவே. பி.காம் படிச்சா லாபம் எங்க போச்சுன்னு தெரியும், சுவரு எங்க சாஞ்சுதுன்னு தெரியாது. எம்.பி.ஏ. கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும்.

பி.இ. சிவில் 4 வருசம், மோசமில்ல. அதுல எஸ்டிமேஷன்னு ஒரு பாடம் வரும், கூட இருக்கிற பயலுவ எல்லாம் தூங்குவானுவ. நீ முழிச்சிரு. மண்ணைப் பத்தின பாடத்துலயும் கண்ணசந்துராத. கரிசல்ல வானம் தோண்டி ஏனோதானோன்னு அஸ்திவாரம் போட்டா, மழைக்கு மண்ணு உப்பி, கோடைக்குச் சுருங்கி, சுவரு வாயைப் பொளந்துரும். மத்த வகுப்புல தூங்கிக்கோ, நான் உங்கப்பாகிட்ட சொல்லமாட்டேன்.

என்னைக் கேட்டா பாலிடெக்னிக்தான். பிளஸ் டூ முடிச்சவனை சிவில் டிப்ளமாவுல நேரா ரெண்டாம் வருசம் சேத்துக்கிடுவாவ. அதை முடிச்சிட்டு பி.இ.க்குப் போனா அங்கயும் நேரா ரெண்டாம் வருசம். மொத்தத்துல ஒரே ஒரு வருசம்தான் கூடும். லீவுல எவனாவது மேஸ்திரிகிட்ட போய் நில்லு. டீ வாங்கிட்டு வான்னு அனுப்புவான். ரோசப்படாம போ. எந்தக் கொத்தனாரு கரணையைப் பிடிச்சிருக்கான், எவன் பீடியைப் பிடிச்சிருக்கான்னு டீ கொண்டுபோறவனுக்குத்தான் தெரியும்.

முதல்ல கம்பிக் கணக்கு. இதைக் கத்துக்கலைன்னா பெறவு வேற இடத்துல கம்பி எண்ண வேண்டி வரும். விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி 162-ஆல வகுத்தா, மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துரும். 12 எம்எம் கம்பிக்கு 144-ஐ வகுத்தா 890 கிராமுக்கு ஒட்டி வருது. முழுக்கம்பி 12 மீட்டர். அப்போ 100 கம்பி கிட்டத்தட்ட 1,067 கிலோ நிக்கணும். ரொம்பக் குறைஞ்சா கம்பி இளைச்சிருக்குன்னு அர்த்தம். ரொம்பக் கூடினா, எடை போடும்போது லாரியில கிளீனரும் படுத்திருந்தானான்னு விசாரி.

பெறவு துட்டு. காங்கிரீட்டு பலத்துக்கு 28 நாள் கணக்கு. கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பில்லுக்கு மட்டும் பஞ்சாங்கத்துல நாள் கிடையாது. கவர்மெண்டு வேலைன்னா எம்-புக்குங்கிற அளவுப் புத்தகத்துல அளவு ஏறணும், கையெழுத்து ஒவ்வொரு மேசையா ஊர்ந்து வரணும். வந்தபெறவும் வருமான வரிக்கு 1 சதவீதம், தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், டெபாசிட்டுக்கு இவ்வளவுன்னு பிடிச்சிட்டுத்தான் மிச்சம். 18 சதவீத ஜிஎஸ்டியைத் தன் காசுன்னு நினைச்சு கார் வாங்கினவனுவ உண்டு. ரிட்டர்ன் தேதி வந்தா அந்தக் காருலயே ஒளிஞ்சு திரியுதானுவ.

அதனால சாயங்காலத்துல ஒரு ஆடிட்டர் ஆபீசுல உக்காந்து டாலி பழகு. காதலிக்க நேரம் கிடைக்காது, அதுவும் உங்கம்மைக்கு ஒரு ஆறுதல்.

சரி, 16 எம்எம் முழுக்கம்பி ஒண்ணு என்ன எடை இருக்கும், சொல்லு பாப்போம். ஏலே, போனைக் கீழ வைலே!